ஈரச் சட்டையும் வறண்ட வாய்க்காலும்: மறைத்துச் சொல்வதற்கு ஓர் ஆரம்பப் பாடம்

க்ரைம் நாவல் படிக்கிறவர்களும் மனக்கஷ்டத்தைக் கவிதையாக எழுதுகிறவர்களும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். "பஸ்ஸில் படித்துவிட்டு சீட்டிலேயே போட்டுவிட்டு இறங்குகிற சமாச்சாரம்" என்பார் ஒருவர். "நாலு வரி எழுதிவிட்டு நம்மை அழச் சொல்கிறார்கள்" என்பார் மற்றவர். தஞ்சாவூரில் புத்தகத் திருவிழா நடந்தால் இந்த இரண்டு கூட்டமும் வேறு வேறு ஸ்டாலில்தான் நிற்கும்.

ஆனால் எழுத உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் முதல் தலைவலி ஒன்றுதான். வாசகருக்கு எதைச் சொல்வது, எதைக் கையில் வைத்துக்கொள்வது, வைத்துக்கொண்டதை எப்போது கொடுப்பது, கொடுக்காமலே விட்டுவிடலாமா? இந்தக் கட்டுரை அந்த ஒரு விஷயத்தைப் பற்றியது. புதிதாக எழுத வருகிறவர்களுக்கானது. உதாரணங்களுக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கல்லணைக்குக் கீழே, கடைமடை வரைக்குள்ளேயே வேண்டிய அளவு கிடைக்கின்றன.

யாருக்கு என்ன தெரியும்?

மர்மம், சஸ்பென்ஸ், அதிர்ச்சி என்ற மூன்றையும் பேச்சில் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: யாருக்கு என்ன தெரியும்? கதைக்குள் ஒருத்தருக்குத் தெரிந்தது வாசகருக்குத் தெரியாவிட்டால் அது மர்மம். வாசகருக்குத் தெரிந்தது, மாட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் தெரியாவிட்டால் சஸ்பென்ஸ். வாசகர் ஒன்றுமே எதிர்பார்க்காத நேரத்தில் தலையில் ஏதாவது விழுந்தால் அதிர்ச்சி. மூன்றில் சுலபமானது அதிர்ச்சி. சீக்கிரம் மறந்துபோவதும் அதுதான்.

இதற்குச் சிலப்பதிகாரத்தை மிஞ்சிய பாடம் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அதைக் கற்பு, ஊழ், அறம் என்றே நடத்திவிட்டதால் உள்ளே இருக்கிற க்ரைம் கதை நம் கண்ணில் படுவதில்லை. அரண்மனையில் ஒரு சிலம்பு திருட்டுப்போயிருக்கிறது. பூம்புகாரிலிருந்து வந்த ஒரு வெளியூர்க்காரன் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு சிலம்பை விற்க மதுரைக் கடைவீதியில் நிற்கிறான். விசாரணை இல்லாமல் ஒரு கொலை. அப்புறம் ஒரு நீதிமன்றக் காட்சி, அதில் ஒரு பொருள்சாட்சி. இன்றைக்கு இதை வெப் சீரிஸாக எடுத்தால் எட்டு எபிசோடுக்குக் குறையாது.

இளங்கோவடிகள் இதில் திருடன் யார் என்பதை மறைக்கவே இல்லை. கோவலன் சிலம்பைக் காட்டியதுமே பொற்கொல்லனின் மனசுக்குள் நம்மை அழைத்துப்போய்விடுகிறார். நாம் களவாடியது வெளியே வருவதற்குள் இந்தப் புது ஆளை மாட்டிவிடலாம் என்று அவன் கணக்குப் போடுவது நமக்குக் கேட்கிறது. கோவலனுக்குக் கேட்கவில்லை. தன் குடிசைப் பக்கம் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவன் அரண்மனைக்குப் போகிறான், இவன் நம்பி நிற்கிறான். அந்தக் காத்திருப்புதான் சஸ்பென்ஸ். திருடன் பெயரைக் கடைசிவரை மறைத்திருந்தால், கோவலன் சும்மா நிற்கிற அந்த நேரத்துக்கு எந்த கனமும் இருந்திருக்காது.

காவலர்கள் வருகிறார்கள். ஆளைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவர் முகத்தில் கள்ளத்தனம் தெரியவில்லையே என்கிறார்கள். ஒரு நிமிஷம் நமக்கு நம்பிக்கை வருகிறது. உடனே பொற்கொல்லன் திருட்டுக் கலையைப் பற்றிச் சொற்பொழிவே நடத்துகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு வகை. திருடன் திருட்டைப் பற்றி வகுப்பெடுக்கிறான், போலீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது. கடைசியில், படிப்பறிவில்லாத ஒரு குடிகாரக் காவலன் யாரையும் கேட்காமல் வாளை வீசுகிறான். தயக்கம், நம்பிக்கை, பேச்சு, திடீர் வெட்டு என்று வேகத்தைக் கூட்டிக் குறைத்து எழுத வேண்டும் என்கிறவர்கள் இந்த ஒரு காதையை நாலு தடவை படித்தால் போதும். கொலைக்களக் காதை, நூலில் பதினாறாவது.

அதற்கும் முன்னால், கதை இன்னும் புகாரில் இருக்கும்போதே, இன்னொரு வேலை நடக்கிறது. கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் ஒரு கனவைச் சொல்கிறாள்: அவர் என் கையைப் பிடித்து ஒரு பெரிய ஊருக்குள் போனார், அந்த ஊர்க்காரர்கள் தேளைத் தூக்கிப் போட்ட மாதிரி எங்கள் மேல் ஒரு பழியைப் போட்டார்கள், அரசன் முன் நான் வழக்குப் பேசினேன், அந்த ஊருக்குக் கேடு வந்தது. சொந்தக் கதைக்குத் தானே ஸ்பாய்லர் போட்ட ஆசிரியர்! அந்தக் கனவின் சூடு ஆறும் முன்பே கோவலன் வீடு திரும்புகிறான். செல்வத்தையெல்லாம் தொலைத்துவிட்டேன் என்கிறான். அவள் சிரித்த முகமாக, 'சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறாள். எந்தச் சத்தமும் இல்லாமல் அந்தப் பொருள் கதைக்குள் வந்துவிட்டது. இன்னும் ஏழு காதை தள்ளிப் போய்த்தான் அது ஆளைக் கொல்லும்.

துப்பறியும் கதைக்கும் த்ரில்லருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. துப்பறியும் கதை பின்னால் திரும்பிப் பார்க்கும்: என்ன நடந்தது? த்ரில்லர் முன்னால் பார்க்கும்: என்ன நடக்கப் போகிறது? கோவலன் சாகும்வரை சிலப்பதிகாரம் ஒரு த்ரில்லர். கண்ணகி அரண்மனை வாசலில் நின்றபின் அது ஒரு வழக்கு விசாரணை. அந்த விசாரணையில் தீர்ப்பை முடிவு செய்வது யார் கொடுத்த தகவல்? எங்கள் சிலம்பில் உள்ளே இருப்பது முத்து என்று அரசனே சொல்கிறான். என்னுடையதில் மாணிக்கம் என்று அவள் உடைத்துக் காட்டுகிறாள். எதிராளி தன் வாயாலேயே கொடுக்கிற க்ளூவுக்கு இணை கிடையாது. அதைத்தான் கீழே ஓர் உதாரணத்தில் செய்து பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் இந்த மண்ணின் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் துப்பறியும் நாவலை வெகுஜனத்திடம் கொண்டுபோனவர்களில் ஒருவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார். வடுவூர், தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் இருக்கிறது. அவருடைய துப்பறிவாளர் திகம்பர சாமியார் 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாகவும் வந்தார். வில்லனாகவே நமக்குப் பழக்கமான எம்.என். நம்பியார்தான் அதில் கதாநாயகன். பிற்பாடு பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் கணேஷ்-வசந்த். நெல்லுக்கு அடுத்தபடியாக இந்தப் பக்கம் நன்றாக விளைந்தது துப்பறிவாளர்கள்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

வறண்ட வாய்க்கால்

சரி, ஒரு க்ளூவை எப்படி வைப்பது? ஒரு கதையை நாமே கட்டிப் பார்ப்போம்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். பங்குனி மாசம். மோட்டார் கொட்டகையில் பெரியவர் ஒருவர் இறந்துகிடக்கிறார். தம்பி சென்னையில் வேலை பார்க்கிறவன், ஊரை விட்டுப் போய் இருபது வருஷம் ஆகிறது. நிலத்தைப் பிரிப்பது பற்றிப் பேச முந்தின நாள் வந்திருக்கிறான். சப்-இன்ஸ்பெக்டரிடம் அவன் சொல்கிறான்: "சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும் சார். அண்ணன் வாய்க்கால்ல குளிச்சிட்டு ஈர வேட்டியோட வந்தாரு. நல்லாத்தான் இருந்தாரு. அப்புறம் நான் பஸ் ஏறிட்டேன்." பக்கத்தில் நிற்கும் தலையாரி தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

டெல்டாக்காரர்களுக்கு இங்கேயே பொறி தட்டியிருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். பங்குனியில் அந்த வாய்க்காலில் தண்ணீர் ஏது? தம்பி பொய் சொல்கிறான்.

எனக்குப் பிடித்தது, இந்தப் பொய் ஏன் வந்தது என்பதுதான். ஊரிலேயே இருக்கிற யாரும் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல மாட்டார்கள். அவன் சின்ன வயசில் பார்த்த வாய்க்கால், நினைவில் வருஷம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் என்றால் ஈர வேட்டி, வாய்க்கால், சாயங்காலம். பொய் சொல்ல வேண்டிய அவசரத்தில் கைக்கு அகப்பட்ட படம் அதுதான். கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கிற தடயமும், அவன் இழந்துவிட்ட ஒன்றும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன. நல்ல க்ளூ குற்றவாளியின் கையைப் பிடிப்பதோடு அவன் மனசையும் கொஞ்சம் திறந்து காட்டும்.

ஆனால் இப்படியே எழுதினால் கோயம்புத்தூர் வாசகருக்கு இது அநியாயம். அவருக்கு மேட்டூர் தேதி தெரியாது. கடைசிப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் எழுந்து அணை மூடும் தேதியைச் சொன்னால், இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று அவர் புத்தகத்தை மூடிவைப்பார். துப்பறிகிறவருக்குக் கிடைத்த எல்லாத் தகவலும் வாசகருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது இந்த வகைக் கதையின் அடிப்படை நாணயம். கிடைத்ததை அவர் கவனிக்காமல் விட்டால் அது அவர் பாடு.

ஆகவே இரண்டாம் பக்கத்தில், பிணம் கிடைப்பதற்கு முன்பே, வறண்ட வாய்க்காலைக் காட்டிவிட வேண்டும். 'வாய்க்கால் வறண்டிருந்தது' என்று தனி வாக்கியமாக எழுதினால் மாட்டிக்கொள்வோம். இப்படி எழுதலாம்: "பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மதகைத் தாண்டினார். வாய்க்காலுக்குள் பையன்கள் மூன்று கல்லை ஸ்டம்பாக நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து ஒன்று வந்து கேனில் 'டங்'கென்று பட்டது. திட்டுவதற்காகத் திரும்பியவர் கொட்டகைக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தார்."

பாருங்கள், வாசகர் கண் முன்னால் வறண்ட வாய்க்கால் இருக்கிறது. ஆனால் அவருக்கு அது விளையாடும் இடம், அவ்வளவுதான். தகவலை நடுவில் வைத்து, அதற்குப் பின்னாலேயே சத்தமான ஒன்றை வைத்தாயிற்று. பந்து கேனில் பட்டது, கதவு திறந்து கிடக்கிறது, மனசு அங்கே ஓடிவிடும். இன்னொரு வழி, யாரும் காதில் போட்டுக்கொள்ளாத ஆளின் வாயில் வைப்பது: எப்போதும் புலம்புகிற கிழவி "கால் கழுவக்கூட வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல" என்று திண்ணையில் புலம்பினால், புலம்பல் என்றே தாண்டிவிடுவார்கள்.

வாசகரைத் திசைதிருப்ப வேறு ஆட்களும் வேண்டும். வட்டிக்குக் கொடுத்தவர், வரப்புத் தகராறு பண்ணுகிற பங்காளி, இப்படி. அவர்கள் பொய்க்குச் சந்தேகப்படும்படி நடந்துகொண்டால் போதாது. அவர்களிடமும் வேறு ஒரு நிஜமான ரகசியம் இருக்க வேண்டும். பங்காளி அன்று ராத்திரி எங்கே இருந்தான் என்று மழுப்புகிறான் என்றால், திருட்டுத்தனமாக மணல் அள்ளப் போயிருந்தான் என்பது போல ஒரு காரணம் பின்னால் வர வேண்டும்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறிவிட்டன. கொலைக்கு 302 என்று நமக்கு வாயில் ஊறிப்போயிருக்கிறது. அதற்குப் பின் நடக்கிற கதை என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 103. சந்தேக மரணத்துக்குப் பழைய 174-க்குப் பதில் புதிய நடைமுறைச் சட்டத்தில் 194. கதை 1990-களில் நடந்தால் பழைய எண்களே சரி. தண்ணீரில் மூழ்கிய பிணம் வருகிற கதை என்றால் டயாட்டம் சோதனை பற்றிக் கொஞ்சம் படித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுநீரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பாசி உண்டு. உயிரோடு மூழ்கியவர் நீரை உள்ளிழுக்கும்போது அது ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். இறந்தபின் தூக்கிப் போட்ட உடலில் அப்படிப் பரவ வழியில்லை. இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு கதையில் ஒரு வரிக்கு மேல் எழுதாமல் இருப்பது உத்தமம்.

ஈரச் சட்டை

இப்போது மற்ற ஸ்டாலுக்குப் போவோம். மனப்போராட்டத்தைப் பற்றி முதல்முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்:

நெஞ்செல்லாம் ரணம்
கண்ணெல்லாம் கடல்
நீயில்லாத உலகில்
நான் ஒரு நடைப்பிணம்

இதில் பொய் ஒன்றும் இல்லை. எழுதியவருக்கு உண்மையிலேயே வலித்திருக்கும். ஆனால் வாசகருக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. எல்லாத் தீர்ப்பையும் கவிஞரே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். யார் போனது, எப்படிப் போனது, அந்த வீட்டில் என்ன மாறியது? ஒரு தடயம்கூட இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் தென்னை வேரோடு சாய்ந்தது. அந்த நாட்களை வைத்து ஆறு வரி எழுதிப் பார்க்கிறேன்:

புயல் போன மறுவாரம்
ரேஷன் அட்டையைக் காயவைத்தாள்.
பாயைக் காயவைத்தாள்.
அவன் சட்டையை மட்டும்
மடித்து உள்ளே வைத்தாள்,
ஈரத்தோடு.

மகா கவிதை என்று சொல்லவரவில்லை, பாடத்துக்குப் போதும். சோகம், வலி, பிரிவு என்ற சொற்கள் எதுவும் இதில் இல்லை. மூன்று பொருள் இருக்கிறது. முதல் இரண்டும் எல்லார் வீட்டிலும் நடந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் அட்டையைத்தான் தேடுவோம். மூன்றாவதில்தான் கை வேறு மாதிரி வேலை செய்கிறது. ஈரத் துணியை மடித்து வைத்தால் பூஞ்சணம் பூக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் வைக்கிறாள். வெயிலில் போட்டால் அந்தச் சட்டையிலிருந்து ஏதோ போய்விடும் என்று பயமாக இருக்கலாம். அவன் செத்துப்போனானா, கோபித்துக்கொண்டு திருப்பூருக்குப் போனானா, சிங்கப்பூரில் இருக்கிறானா? கவிதை சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

இதே சட்டையை க்ரைம் கதையில் வைத்துப் பாருங்கள். வீடு முழுக்கக் காயப்போட்டிருக்கிறது, ஒரு சட்டை மட்டும் பீரோவில் ஈரமாக மடித்து இருக்கிறது. இன்ஸ்பெக்டர் அதை எடுத்து விரித்த நிமிஷத்திலிருந்து ஆசிரியர் வாசகருக்குக் கடன்பட்டுவிட்டார். ஏன் ஈரம், எந்தத் தண்ணீர், யார் சட்டை என்று கடைசிப் பக்கத்துக்குள் வட்டியோடு திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் 'அது அவளுடைய தனிமையின் குறியீடு' என்று முடித்தால் வாசகர் புத்தகத்தைக் காலத்துக்கும் மன்னிக்க மாட்டார். கவிதையில் அதே சட்டைக்கு விளக்கம் கொடுத்தால் கவிதை அந்த இடத்திலேயே முடிந்துபோய்விடும். ஒரே தடயம்தான், ஓர் இடத்தில் பதில் கட்டாயம், இன்னோர் இடத்தில் பதில்தான் ஆபத்து.

கவிதையில் மறைப்பதற்கும் ஒரு நாணயம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். யாருக்குமே புரியாதபடி எழுதிவிட்டு 'உணர வேண்டும்' என்பது ஏமாற்று வேலை. சட்டை, ஈரம், மடித்து வைத்தல் எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும். காரணம் மட்டும்தான் மறைந்திருக்கலாம். பொருளையும் மறைத்து, காரணத்தையும் மறைத்தால் வாசகரிடம் என்னதான் இருக்கும்?

சாட்சி மடையான்

கள்ளன், சாட்சி, வாக்குமூலம் என்று க்ரைம் கதையின் சாமான்களையே எடுத்து மனப்போராட்டத்தை எழுதின கவிதை ஒன்று சங்க காலத்திலேயே இருக்கிறது. குறுந்தொகை 25, கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

பேசுகிறவள் ஒரு பெண். அவன் அவளோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? அப்புறம் யோசித்து, ஒரு சாட்சியைக் கண்டுபிடிக்கிறாள்: ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகும் அங்கே இருந்தது.

பாட்டு குறிஞ்சித் திணை, மலைப்பக்கம். ஆனால் அந்தப் பறவையைப் பார்க்க நமக்கு மலைக்குப் போக வேண்டாம். தண்ணீர் ஓடுகிற மாசங்களில் எந்த மதகடியிலும் ஒரு மடையானோ கொக்கோ அப்படித்தான் நிற்கும். அது வேறு எதையும் பார்க்காது. சாட்சிக் கூண்டில் ஏற்றினால் ஒன்றுக்கும் உதவாத சாட்சி. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் 'குருகும் உண்டு' என்கிறாள்.

அதோடு அவள் அந்தப் பறவையின் கால் நிறத்தைச் சொல்கிறாள்: தினைத்தாள் மாதிரி, சின்னதாய், பசுமையாய். இவ்வளவு நுணுக்கமாக ஒரு பறவையின் காலைப் பார்த்தவள் அந்த நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தாளா? வெட்கமா, பயமா, அப்போதே ஏதோ சந்தேகமா? கபிலர் காலை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இதை ஒரு புலன்விசாரணை அதிகாரி கேட்டால் முதலில் பிடித்துக்கொள்வதும் அந்தக் காலைத்தான். இவ்வளவு சரியாகச் சொல்கிறாள், ஆகவே அங்கே இருந்திருக்கிறாள். சாட்சி வாய் திறக்காவிட்டாலும் அதன் கால் அவளுக்குச் சாட்சி சொல்கிறது. எழுதப் பழகுகிறவர் இதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம்: ஆடிப்போயிருக்கிற மனசு பெரிய விஷயங்களைப் பேசாது, பக்கத்திலிருக்கிற சின்னப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். எந்தப் பொருளைப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதிக் கவிதை முடிந்தது.

தப்பாகப் படித்தால்

மறைத்துச் சொல்வதில் ஓர் அபாயமும் இருக்கிறது. எதிரில் இருப்பவர் தப்பாகப் படித்துவிடலாம். அதற்கான உதாரணம் மறுபடியும் புகாரில்தான், கடற்கரையில். கானல்வரி, ஏழாவது காதை.

கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். சோழ மன்னன் கங்கையைப் போய்ச் சேர்ந்தாலும் நீ ஊடமாட்டாய், வாழி காவேரி என்கிறான். ஆற்றைப் பற்றிய பாட்டுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாதவிக்கு அது வேறு மாதிரி விழுகிறது: இவன் மனசில் யாரோ இருக்கிறாள். அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. யாழை வாங்கி, தன் மனசிலும் வேறு ஏதோ இருப்பது போலத் தானும் பாடுகிறாள். உழவர் சத்தம், மதகுச் சத்தம், கரையை உடைத்துப் பாயும் நீரின் சத்தம், விழாக் கூட்டத்தின் சத்தம் எல்லாம் ஆரவாரிக்க நடந்தாய் வாழி காவேரி என்று அழகான பாட்டு. கோவலன் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறான். இவள் வேறு எவனையோ நினைத்துப் பாடினாள், மாயக்காரி என்று எழுந்து போய்விடுகிறான்.

இரண்டு பேர் கையிலும் தடயம் இருந்தது. இரண்டு பேரும் துப்பறிந்தார்கள். இரண்டு பேர் முடிவும் தப்பு. ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், கோவலன் மதுரைக்கே போயிருக்க மாட்டான்.

அவனுக்கு அங்கே என்ன நடந்தது என்பதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாண்டியன் ஆடல் பார்த்துக்கொண்டிருந்தான். கோப்பெருந்தேவிக்கு ஊடல், தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் இருந்தவன் காலில்தான் பொற்கொல்லன் விழுந்தான். சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவாருங்கள் என்று அரசன் சொல்லிவிட்டான், ஆராயவில்லை. புகார்க் கடற்கரையில் கோவலன் மாதவிக்குச் செய்ததும் அதுவேதான்: ஒரு பாட்டைக் கேட்டான், ஆராயாமல் தீர்ப்புச் சொன்னான். ஒன்பது காதைக்குப் பிறகு அதே மாதிரித் தீர்ப்பு அவன் மேல் விழுகிறது. இளங்கோ இந்த இரண்டையும் கோடுபோட்டு இணைத்துக் காட்டவில்லை, அங்கங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கொலைக்குக் காரணத்தைத் தேடிப்போனால் இரண்டு ஊடலில் போய் நிற்கிறோம். க்ரைம் கதை எழுதுகிறவர் மனப்போராட்டக் கவிதைகளைப் படிக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பதற்கு இதுதான் காரணம். விஷம், கத்தி, கயிறு எல்லாம் பிற்பாடு வருவது. அதற்கு முன்னால் யாரோ யாரிடமோ கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்திருப்பார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மனசு சரியில்லாதபோது எழுதுவது நல்லதுதான். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்த வேண்டாம். 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

எழுதி முடித்த பிறகு

இவ்வளவும் முதல் வரைவு எழுதும்போது நினைவில் நிற்காது. நிற்கவும் வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிடுங்கள். மறைக்கிற வேலை திருத்தும்போதுதான்.

கவிதை என்றால் கடைசி வரியில் கை வையுங்கள். புதிதாக எழுதுகிறவர்களின் கடைசி வரி பெரும்பாலும் விளக்கவுரையாக இருக்கும். ஈரச் சட்டைக் கவிதைக்கே முதலில் 'அவன் வாசம் போய்விடும் என்று' என்றொரு ஏழாவது வரி இருந்தது. எடுத்த பிறகுதான் ஈரம் ஈரமாக நின்றது. எடுத்துப் பார்த்துக் கவிதை சரிந்தால் திரும்ப வைத்துவிடுங்கள், நஷ்டமில்லை.

க்ரைம் கதை என்றால் முடிவிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். கடைசியில் வெளிவரும் ஒவ்வொரு உண்மைக்கும் முன்பக்கங்களில் ஒரு கிரிக்கெட் பந்தாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வையுங்கள். இருந்தது ரொம்பத் துருத்திக்கொண்டு தெரிந்தால் இன்னொரு சத்தத்தைப் பக்கத்தில் வையுங்கள். பிறகு கதையைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். முன்பாதியிலேயே என்றால் தடயம் அதிகம். கடைசிவரை முடியவில்லை, ஆனால் திரும்பப் புரட்டி 'அட, இங்கேயே இருக்கிறதே' என்று அவரே ஒரு பக்கத்தைக் காட்டினால் அளவு சரி. புரட்டிப் பார்க்காமலே கதையை உங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், பேசாமல் நின்ற தலையாரி கடைசியில் வாய் திறக்கிற இடத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி எழுதுங்கள்.